கம்பியில் கை வைத்த எலி

(பாலக்கோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும், கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் தயங்கினார். "ஐயா, எங்க ஊர்ல எலின்னா மருந்து வைக்கத்தான் ஜனங்களுக்குத் தெரியும்" என்றார். நானும் எலிக்கு மருந்து வைத்தவன்தான் என்றேன். ஒரு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் வாத்தியாராக இருந்தேன். எலிக்கு மருந்து கொடுப்பது, அது என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, பார்த்ததை நோட்டில் எழுதுவது, இதற்குத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

பாலக்கோட்டுக்காரர்களுக்கு எலியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். அடிக்கரும்பை எலி கடித்துப்போட்ட தோட்டத்தில் தலையில் கை வைத்து நின்றவர்களும் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது அந்த எலி அல்ல. ஆய்வகத்து எலி உடம்பெல்லாம் வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. வெள்ளெலி என்று சொல்லலாம் என்று பார்த்தால், நம் பக்கத்தில் அந்தப் பெயரைத் தரிசில் வளை தோண்டும் வேறொரு எலி ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆய்வகத்தில் இருப்பது, உலகம் முழுக்கச் சாக்கடையில் ஓடுகிற பழுப்பு எலியின் வம்சம்தான். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் நிறுவனத்தில் 1906 முதல் வளர்த்தெடுத்த வகை இன்றைக்கும் 'விஸ்டார் எலி' என்ற பெயரில் நம் கல்லூரிகளில் இருக்கிறது. கால் கிலோ எடை இருக்கும். பழகிவிட்டால் கடிக்காது. கையில் எடுத்தால் சட்டைப்பைக்குள் தலையை விடப் பார்க்கும்.

ஒரு சோதனையைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

ஒரு பலகை. அதன் மேல் அரைச்சாண் உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. எலியின் முன்னங்கால் இரண்டையும் தூக்கி அந்தக் கம்பியின் மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மருந்து எதுவும் கொடுக்காத எலி, நீங்கள் ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் காலை எடுத்துக்கொண்டு மோப்பம் பிடிக்கப் போய்விடும். ஹாலோபெரிடால் என்று ஒரு மருந்து உண்டு. 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சென் என்பவரின் ஆய்வகத்தில் உருவானது. மனநோய்க்கு இன்றும் கொடுக்கிறோம். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, கால் கிலோ எலிக்குக் கால் மில்லிகிராம் ஊசியில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே எலியின் கால்களைக் கம்பியில் வையுங்கள். வைத்தது வைத்தபடி நிற்கும். ஒரு நிமிடம் ஆகும், மூன்று நிமிடம் ஆகும், நாம்தான் சலித்துப்போய்க் கடிகாரத்தை நிறுத்துவோம்.

தூங்குகிறதா என்றால் இல்லை, கண் திறந்திருக்கும். கால் வழங்காமல் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. மல்லாக்கப் புரட்டினால் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும். வாலை அழுத்தினால் நாலடி நடக்கும். நடக்க முடிகிற எலி, நடக்கத் தொடங்க முடியாமல் நிற்கிறது. இதற்கு எங்கள் பாஷையில் கேட்டலெப்சி என்று பெயர். முதன்முதலாகப் பார்க்கிற மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா வாசப்படியில இப்படித்தான் சார் நிப்பாரு" என்றாள். தாத்தாவுக்கு நடுக்குவாதம். அந்த வருஷம் அந்த வகுப்பில் சோதனையைச் சரியாகப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

அந்த ஊசி எலியின் மூளையில் என்ன செய்தது? டோபமின் என்ற ரசாயனத்தின் வழியை அடைத்தது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்வது ரசாயனங்களைக் கொண்டு. அவற்றில் ஒன்று டோபமின். நடுமூளையில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது; அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் மூளையின் ஆழத்தில் உள்ள வரிமுண்டம் என்ற பகுதிக்கு டோபமினைக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அங்கே அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஹாலோபெரிடால் அந்த ஏற்பிகளின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேதி வருகிறது, வாங்க ஆளில்லை. உடனே எலி கம்பியோடு நின்றுவிடுகிறது.

டோபமின் என்றதும் இங்கே பல பேருக்கு முகம் மலர்வதைப் பார்க்கிறேன். கைபேசியில் தினமும் கேட்கிற பெயர். "மகிழ்ச்சி ஹார்மோன்" என்கிறார்கள். ஒருநாள் செல்போனைத் தொடாமல் இருந்தால் டோபமினைக் கழுவிவிடலாம் என்று ஒருவர் காணொளி போட்டிருக்கிறார். செல்போனைத் தொடாமல் இருப்பது நல்லதுதான், நானே சிபாரிசு செய்வேன். ஆனால் அதற்காக டோபமினைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

டோபமின்தான் மகிழ்ச்சி என்ற நினைப்புக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1954இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் லேசான மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த வழித்தடங்களில் டோபமினுக்குப் பெரிய பங்கு இருப்பது பின்னால் தெரிந்தது. சரி, டோபமின்தான் இன்பம் என்று கதையை முடித்துவிட்டார்கள்.

கதை முடியவில்லை. அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜ் என்பவரும் டெர்ரி ராபின்சன் என்பவரும் எலியின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுதுமாக அழித்துவிட்டு ஒரு காரியம் செய்தார்கள். சர்க்கரை ஊரில் பேசுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார்கள். எலி உதட்டை நக்கிச் சப்புக்கொட்டியது, பச்சைக்குழந்தைக்குத் தேன் தடவினால் செய்யுமே அப்படி. இனிப்பின் சுகம் அப்படியே இருந்தது. ஆனால் அதே எலி, எட்டும் தூரத்தில் வைத்த தீனியை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்காது. ஊட்டாவிட்டால் பட்டினியால் செத்துப்போகும். பிடித்திருப்பது வேறு, வேண்டும் என்று எழுந்து போவது வேறு. டோபமினுக்கு அதிகம் சம்பந்தம் இரண்டாவதோடுதான். இன்னொன்றும் சொல்லலாம்: வீட்டில் ஒருவர் எழுந்து நடமாடாமல் உட்கார்ந்தே இருந்தால் 'சோம்பேறி' என்று சொல்லுமுன் ஒருதரம் இந்த எலியை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த விவகாரமெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதில் நம் செடிகள் இரண்டு உண்டு, சென்னையில் எழுதிய ஒரு கட்டுரையும் உண்டு.

முதல் செடி சர்ப்பகந்தா. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். பீகார்ப் பக்கத்தில் அதன் வேரைப் 'பைத்தியத்துக்கு மருந்து' என்றே விற்றார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள், வெறிகொண்ட நோயாளிகளை இந்த வேர் அடக்குகிறது, ரத்தக்கொதிப்பையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் இங்கிலாந்து இதய மருத்துவ இதழில் எழுதியபோதுதான் வெளிநாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தது. மனநோய் மருத்துவமனைகளில் கொடுத்தார்கள். அடங்கினார்கள், உண்மை. அதோடு சில பேர் விறைத்துப்போனார்கள், கை நடுங்கியது, நடுக்குவாதக்காரர் போல ஆனார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஏன் என்று கேட்டவர் ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன். அவர் முயலையும் சுண்டெலியையும் எடுத்துக்கொண்டார். ரெசர்பின் கொடுத்த முயல் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தரையோடு தரையாக ஒடுங்கிக் கிடந்தது. அதற்கு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் செலுத்தினார். கால் மணி நேரத்தில் முயல் காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. இது 1957. டோபமின் நேரடியாக ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, வாசலிலேயே தடுத்துவிடும். அதன் முந்தைய நிலையான எல்-டோபா உள்ளே போகும். போய் டோபமினாக மாறும். ரெசர்பின் மூளையின் டோபமின் கிடங்கைக் காலி செய்தது, எல்-டோபா அதை நிரப்பியது என்று கார்ல்சன் காட்டினார். 1960இல் லண்டனில் கூடிய பெரிய பெரிய மருந்தியல் மேதைகள் அவரை நம்பவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2000இல், நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது சென்னைக்கு வருவோம். கார்ல்சனின் முயல் எழுந்து உட்கார்வதற்கு இருபது வருஷம் முன்னால், 1937இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் ஒரு விதையை அரைத்துப் பிரித்து, அதில் எல்-டோபா இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் நாலு பக்கக் கட்டுரையாக வந்தது. என்ன விதை தெரியுமா? பூனைக்காலி!

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. மாடு மேய்த்தவர்கள் உடம்பைச் சொறிந்துகொள்கிறீர்கள். வேலியிலும் புதரிலும் ஏறிப் படர்ந்து, காயெல்லாம் பொன்னிறச் சுணை போர்த்துத் தொங்குமே, அதுதான். அந்தச் சுணை பட்டால் அன்றைக்குத் தூக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் அதைத் தடவிய பாவத்தைச் செய்தவர்கள் இந்த அரங்கில் இருக்கலாம். நான் வாத்தியார் ஆவதற்கு முன்னால் செய்திருக்கிறேன். உள்ளே இருக்கும் விதையைச் சித்த வைத்தியர் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, தாது புஷ்டிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் சூரணமாகக் கொடுப்பார். அந்த விதையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு எல்-டோபா.

சென்னையில் அந்த விதையைப் பிரித்தவர்களுக்கு அது நடுக்குவாதத்துக்கு மருந்து என்று தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை. மூளையில் டோபமின் இருக்கிறது என்பதையே உலகம் 1957இல்தான் அறிந்தது. நடுக்குவாதக்காரரின் மூளையில் அது குறைந்துபோகிறது என்று வியன்னாவில் ஹார்னிகீவிச் கண்டது 1960. வாயால் சாப்பிடும் டோபாவை நியூயார்க்கில் கோட்சியாஸ் வெற்றிகரமாகக் கொடுத்துக் காட்டியது 1967. அதாவது மருந்து சென்னையில் ஒரு புட்டியில் இருந்தது, நோயின் காரணம் எந்த ஊரிலும் இல்லை. சுவிட்சர்லாந்தில் இதற்கும் முன்னால், 1913இல், குகன்ஹைம் என்பவர் அவரை வகைப் பயறு ஒன்றிலிருந்து இதே பொருளை எடுத்து, என்னதான் செய்கிறது பார்ப்போமே என்று இரண்டரை கிராமை விழுங்கிவிட்டார். நன்றாக வாந்தி எடுத்தார். பயனில்லாத பொருள் என்று விட்டுவிட்டார்கள்.

பூனைக்காலியை எலிக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைக்கான எலியைத் தயாரிக்கும் விதம் விசித்திரமானது. ஸ்டாக்ஹோமில் உங்கர்ஸ்டெட் என்பவர் கண்ட வழி. மூளையின் ஒரு பக்கத்து டோபமின் நரம்புகளை மட்டும் ஒரு நஞ்சால் அழித்துவிடுவார்கள். மறுபக்கம் நன்றாக இருக்கும். ஒரு பக்கத்து எருது மட்டும் இழுக்கிற வண்டி எப்படிப் போகும்? எலி வட்டம் போடும். ஆம்ஃபெடமின் என்ற மருந்தைக் கொடுத்தால் நல்ல பக்கம் டோபமினைக் கொட்டும், எலி பழுதான பக்கமாகவே சுற்றும். ஏற்பிகளை நேராகவே தூண்டும் அபோமார்ஃபின் கொடுத்தால் நேர் எதிர்த் திசையில் சுற்றும். பழுதான பக்கத்து ஏற்பிகள் பசித்துக் கிடந்து, கிடைத்ததை அதிகமாகவே பிடித்துக்கொள்வதால். நிமிடத்துக்கு ஏழெட்டுச் சுற்று, செக்குமாடு தோற்றது. இந்தச் சுற்றை எண்ணித்தான் நடுக்குவாத மருந்துகளின் வீரியத்தை அளக்கிறார்கள். 1997இல் மன்யமும் அவர் கூட்டாளியும் இப்படிப்பட்ட எலிகளுக்குப் பூனைக்காலிப் பொடியைக் கொடுத்தபோது, அதில் உள்ள எல்-டோபாவின் அளவுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வேலை செய்தது. 2004இல் லண்டனில் நோயாளிகள் 8 பேரிடம் பார்த்த ஆய்விலும் நல்ல சேதிதான்: வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் பிடித்தது, அதிக நேரம் நின்றது.

8 பேர் என்பதைக் கவனியுங்கள். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு வேலிப்பக்கம் போய்ப் பூனைக்காலி பறிக்காதீர்கள். ஏற்கெனவே எல்-டோபா மாத்திரை சாப்பிடுகிறவர் மேலே இந்தப் பொடியையும் போட்டுக்கொண்டால் அளவு ஏறிவிடும். கை கால் தானாக ஆடும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அளவு ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் எலி காட்டுகிற இரண்டாவது காட்சி.

ஆம்ஃபெடமின் டோபமினை வாரிக் கொட்டவைக்கும் மருந்து. கொஞ்சம் கொடுத்தால் எலி கூண்டு முழுக்க ஓடும், மூலை மூலையாக மோப்பம் பிடிக்கும், நின்று எழுந்து பார்க்கும். பார்க்க உற்சாகமாக இருக்கும். அளவை நாலைந்து மடங்கு கூட்டினால் இன்னும் வேகமாக ஓடும் என்றுதானே நினைப்போம்? ஓடாது. ஓரிடத்தில் நின்றுவிடும். நின்று, ஒரே இடத்தை முகரும். தலையை ஆட்டும். கூண்டுக் கம்பியில் ஒரே கம்பியைக் கடிக்கும், நக்கும். ஒரு மணி, இரண்டு மணி. பக்கத்தில் தீனி வைத்தாலும் திரும்பாது. டென்மார்க்கில் ராண்ட்ரப், முங்க்வாட் என்ற இருவர் 1960களில் இதை வரிசையாக ஆராய்ந்தார்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் இந்தக் கடிப்பும் முகர்வும் நின்றுவிடும் என்றும் பார்த்தார்கள்.

அதிகமானால் சுதந்திரம் கூடவில்லை, குறைந்துபோனது. எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது இதுதான். டோபமின் அற்றுப்போன எலி எதையும் தொடங்க முடியாமல் நிற்கிறது, பொங்கி வழிகிற எலி தொடங்கியதை விட முடியாமல் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

மனிதரிடம் இதைப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஸ்வீடனில் ஆம்ஃபெடமின் வகைப் போதைக்கு அடிமையானவர்கள் மணிக்கணக்காகக் கடிகாரத்தைக் கழற்றுவார்கள், பாகங்களை அடுக்குவார்கள், கலைப்பார்கள், மறுபடி அடுக்குவார்கள். அவர்களே அதற்குப் 'பண்டிங்' என்று ஒரு கொச்சைப் பெயர் வைத்திருந்தார்கள். 1972இல் ரைலாண்டர் என்ற மருத்துவர் அந்தப் பெயரோடே எழுதினார். 1958லேயே லண்டனில் பிலிப் கானெல் என்பவர், ஆம்ஃபெடமின் அதிகம் எடுத்தவர்களுக்கு யாரோ துரத்துகிறார்கள், பேசுகிறார்கள் என்ற மனமயக்கம் வருவதையும், அது தீவிர மனநோயிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருப்பதையும் காட்டியிருந்தார். நடுக்குவாதத்துக்கு பிரமிபெக்ஸோல் போன்ற மாத்திரை சாப்பிடும் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொடாதவருக்கு, திடீரென்று சூதாட்டப் பித்து பிடிப்பதையும் பிற்காலத்தில் கண்டிருக்கிறார்கள். மாத்திரையைக் குறைத்தால் பித்தும் குறைகிறது. பெரியவர் கெட்டுப்போய்விட்டார் என்று குடும்பம் தலைகுனிய வேண்டியதில்லை, மருத்துவரிடம் சொன்னால் போதும்.

இங்கே ஒரு தடுப்பு போட வேண்டும். எலிக்குப் பைத்தியம் பிடித்ததா? இந்தக் கேள்வியை ஒரு கூட்டத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். இல்லை. எலிக்குக் காதில் குரல் கேட்கிறதா, யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அது நினைக்கிறதா என்று நம்மால் கேட்க முடியாது. நாம் பார்ப்பது கால் நகர்கிறதா, பல் கடிக்கிறதா என்பதை மட்டும். இயல்பு மாறிய நடத்தை என்று நோட்டில் எழுதுகிறோமே, அதற்கு அர்த்தம் அவ்வளவுதான். அதைத் தாண்டி எலியின் வாயில் நம் வார்த்தையைத் திணித்தால் ஏமாந்துபோவோம். ஏமாந்தும் இருக்கிறோம்.

க்ளோசபின் கதையைக் கேளுங்கள். மனநோய்க்கு மருந்து தேடிய கம்பெனிகள் ஒரு சுலபமான வழி வைத்திருந்தன. புது மருந்தை எலிக்குக் கொடு. ஆம்ஃபெடமின் கடிப்பை நிறுத்துகிறதா, கம்பியில் நிற்கவைக்கிறதா என்று பார். நிற்கவைத்தால் நல்ல மருந்து. 1950களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் வாண்டர் கம்பெனியில் உருவான க்ளோசபின் எலியைக் கம்பியில் நிற்கவைக்கவில்லை. அப்படியானால் மனநோய்க்கும் வேலை செய்யாது என்றுதான் அன்றைய சாத்திரம் சொன்னது. ஆனால் நோயாளிகளிடம் வேலை செய்தது. 1975இல் பின்லாந்தில் வெள்ளை அணு குறைந்து சிலர் இறந்ததால் பல நாடுகளில் ஓரம் கட்டினார்கள். 1988இல் அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர், வேறெந்த மருந்துக்கும் மசியாத நோயாளிகளிடம் பழைய மருந்தான குளோர்புரோமசினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய மருந்தில் தேறியவர்கள் நூற்றுக்கு 4 பேர், க்ளோசபினில் 30 பேர். இன்றைக்கு ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துக் கொடுக்கிறோம். எலி பொய் சொல்லவில்லை. 'யார் விறைக்கவைப்பார்கள்?' என்று நாம் கேட்டோம், விறைக்கவைப்பவர்களையே அது காட்டிக்கொடுத்தது. 'யார் குணமாக்குவார்கள்?' என்ற கேள்வியை நாம் அதனிடம் கேட்கவே இல்லை.

இந்த எலிகளைப் படுத்தியது நியாயமா என்று இளைஞர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின் கீழ் இதற்கென்று குழு இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஓர் எலியைத் தொட முடியாது. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஊசி போடும் வழக்கம் இப்போது பெரும்பாலும் போய்விட்டது, கணினித் திரையில் ஓர் எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நல்லதுதான். ஆனால் தாத்தா ஞாபகம் வந்த மாணவிக்குத் திரையைப் பார்த்து அந்த ஞாபகம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வீட்டுக்கு வருவோம். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு என்று ஒரு மருந்து கொடுப்பது வழக்கம். அதுவும் டோபமினை அடைக்கிற மருந்துதான். எலிக்குக் கொடுத்தால் கம்பியில் நிற்கும். சின்ன வயசுப் பிள்ளைகள் சிலருக்கு அதைப் போட்ட அன்றோ மறுநாளோ கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு இழுக்கும். நம் ஊர்களில் என்ன செய்வோம்? காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவோம். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கிச் சரியாகும், பூசாரிக்குப் பேர் வரும். மருத்துவமனைக்குப் போனால் ஓர் ஊசியில் சில நிமிடங்களில் கழுத்து நிமிரும்.

இன்னொன்று. வருஷக்கணக்கில் மனநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள் சிலர் வாயை அசைபோட்டுக்கொண்டே இருப்பார்கள். வெற்றிலை இருக்காது, பாக்கு இருக்காது. வெறும் வாயை மெல்லுவது என்று பழமொழியில் சொல்வோமே, அது கண்முன்னே நடக்கும். ஹாலோபெரிடாலை மாதக்கணக்கில் கொடுத்த எலியும் இதே மாதிரி வெறும் வாயை மெல்லும். ஆங்கிலத்திலும் அதற்கு அதே பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இது கெட்ட பழக்கம் அல்ல, மருந்தின் விளைவு. இப்போது இதற்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இதைக் கேட்டு யாரும் மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை எட்டாத இடங்களில் நம்மிடம் இருந்தது சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்கள் 28 பேர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், விறைப்பைத் தளர்த்தும் மாத்திரையைக் கூடச் சேர்க்கலாம். மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று, என் சொந்தக் கதை.

மாரண்டஅள்ளியில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். வாய்க்கு ஓயாத பேச்சு, காலுக்கு ஓயாத நடை. எழுபது வயதில் ஒரு வருஷம் ஆளே மாறிப்போனார். முகத்தில் சிரிப்பில்லை, அழுகையில்லை. சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தார். பேச்சு முணுமுணுப்பாகிவிட்டது. வயசாகிவிட்டது என்றார்கள் வீட்டில், நானும் ஆமாம் என்றேன். பொங்கலுக்கு ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, இடையில் ஒரு சாவுக்கு என்று மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று தரமும் ஆமாம் என்றேன். நாலாவது தரம் போனபோது பெரியம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். கை நிலைப்படியைப் பிடித்திருந்தது. நான் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தண்ணீர் குடித்து, பெரியப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அப்போதுதான் எனக்குக் கம்பி ஞாபகம் வந்தது.

"பெரீம்மா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"தல கிறுகிறுப்புக்குடா. கடையில வாங்கியாரச் சொல்லிச் சாப்பிடறேன். நல்லா கேக்குது."

எட்டு மாதமாக. தலைசுற்றலுக்குச் சில நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என்ன மாத்திரை என்று பார்க்கலாம் என்றால், டப்பாவில் இருந்ததெல்லாம் இரண்டும் மூன்றுமாக வெட்டிய அட்டைத் துண்டுகள். பெயர் அச்சடித்த பக்கம் ஒன்றில்கூட இல்லை. பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது, சின்னரிசின். அதுவும் அதன் பங்காளியான ஃப்ளூனரிசினும் தலைசுற்றலுக்கு நல்ல மருந்துகள்தான், ஆனால் டோபமின் ஏற்பியை லேசாக அடைக்கும். வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் நடுக்குவாதம் போலவே வரும். எலிக்கு ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கிற எனக்கு, பெரியம்மாவுக்குக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று.

மருத்துவரிடம் காட்டி மாத்திரையை நிறுத்தினோம். மூன்று மாதத்தில் முகத்தில் சிரிப்பு வந்தது. ஐந்தாவது மாதம் என்னைத் திட்டினார், கல்யாணத்துக்குச் சொல்லவில்லை என்று.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், பெங்களூருக்கு ரயில் ஏறி நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போனாலும், வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், தலைவலிக்கு வாங்கியதையும் நாட்டுமருந்துப் பொடியையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால், பெயர் இருக்கிற பக்கத்தை உங்களுக்குக் கேட்டு வாங்குங்கள்.